முழு மதிப்பெண் வாங்கியும் தெரியாத பூச்சி

போன ஆடியில் ஒரு காலை. தோட்டத்தில் வேலை செய்யும் அம்மா வந்து, "ஐயா, கொய்யாவுல மாவுப்பூச்சி அப்பிக் கெடக்குது. வேப்பெண்ணெய் அடிச்சிடலாமா?" என்றார். போய்ப் பார்த்தேன். இலையடியில் பஞ்சு பஞ்சாய் வெள்ளை. "அடிச்சிடலாம்மா" என்றேன். கரைசல் கலக்கும்போதுதான் ஒரு சந்தேகம். அந்த வெள்ளையில் சில மட்டும் பெரிதாக இருந்தன. தொட்டால் வேகமாக ஓடின.

படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டேன். மறுநாள் முகம் தெரியாத ஒருவர் எழுதியிருந்தார்: இது மாவுப்பூச்சி இல்லை, அதைத் தின்னும் கிரிப்டோலேமஸ் பொறிவண்டின் புழு, மெழுகு இழைகள் நீளமாக இருக்கும், நன்றாக நடக்கும். இன்னொருவரும் அதையே சொன்னார். கரைசலை அப்படியே வைத்துவிட்டோம். சில வாரத்தில் ஆரஞ்சுத் தலையும் கரிய முதுகுமாக வண்டுகள் வந்தன.

எனக்கு வெட்கமாகிவிட்டது. ஏனென்றால், அதற்கு முந்தைய மாதம்தான் பூச்சி மேலாண்மை பற்றி ஓர் இணையவழி வகுப்பை முடித்திருந்தேன். இதே புழுவின் படம் அதில் வந்தது. தேர்வில் எனக்கு முழு மதிப்பெண்! வங்கியில் இருந்த காலத்திலும் கணினியில் இப்படித்தான் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்குவோம்.

ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்கள் முதுகலைப் படிப்புக்காகச் செய்த திட்டமாகத் தொடங்கியது. பூச்சி, பறவை, செடி பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகெங்கிலிருந்தும் அதில் கூடுகிறார்கள். அங்கே பாடத்திட்டமும் கிடையாது, தேர்வும் கிடையாது. ஆனாலும் கற்றுக்கொள்கிறார்கள். எப்படி?

ஒன்று, கேள்வி நம்முடையது. நம் தோட்டத்தில், நாமே எடுத்த படம். நாளும் இடமும் சேர்த்துத்தான் போட வேண்டும். இரண்டு, தவறு உடனே திருத்தப்படுகிறது. ஒருவர் சொன்னால் போதாது. பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால்தான் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெறும். மூன்று, நேற்றுக் கேட்டவர் இன்று சொல்லித் தருகிறார். நானும் இதுவரை பத்துப் பதினைந்து பேருக்கு அந்தப் புழுவை அடையாளம் சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே மனதில் நின்றது.

நம் இயக்கத்தின் இணையவழிக் கூட்டங்களில் இரண்டு மணி நேரம் ஒருவர் பேச, மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டுக் கேட்கிறோம். பேச்சை அரை மணி நேரமாகக் குறைப்போம். மீதி நேரத்துக்கு ஆளுக்கொரு படம், தன் வயலில் எடுத்தது. பயிர் என்ன, தேதி என்ன, தான் என்ன நினைக்கிறார் என்று அவரே சொல்லட்டும். தெரிந்தவர் பெயரை மட்டும் சொல்லாமல், எந்த அடையாளத்தை வைத்துச் சொல்கிறார் என்றும் சொல்லட்டும்.

படத்தை வைத்துத் தவறாகச் சொல்பவர்களும் உண்டு. அதனால் இரண்டு பேர் ஒத்துச் சொல்லும்வரை தெளிப்பானைத் தோளில் ஏற்ற வேண்டாம். கொய்யா இரண்டு நாள் பொறுக்கும்.