வண்டி பெல்ட் கீச்சிடுவது ஏன்?

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியில் "கீ...ச்" என்று ஒரு சத்தம். பத்து நொடியில் தானாக அடங்கிவிடும். மெக்கானிக்கிட்ட சொன்னா பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பெல்ட் போயிடுச்சு சார், மாத்திடலாம்." மாற்றுகிறோம். ரெண்டு வாரம் அமைதி. அப்புறம் ஒரு மழைநாள் காலையில் அதே கீச்.

சத்தம் பெல்ட்டிலிருந்துதான் வருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கத்த வைப்பது பல நேரம் வேறொரு பாகம். அது எது என்பதை ஒரு தண்ணீர் பாட்டிலும் கொஞ்சம் கணக்கும் இருந்தால் நாமே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் எந்த பெல்ட் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். எஞ்சினுக்கு வெளியே, கிராங்க் புல்லியிலிருந்து ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரஸர், பல வண்டிகளில் தண்ணீர் பம்ப் ஆகியவற்றைச் சுற்றும் பெல்ட் இது. ஃபேன் எப்போதோ மின்சாரத்துக்கு மாறிவிட்டது, ஆனாலும் நம்மூர் ஒர்க்‌ஷாப்பில் இன்றும் இதற்கு 'ஃபேன் பெல்ட்' என்றுதான் பெயர். மூடிக்குள் ஒளிந்திருக்கும் டைமிங் பெல்ட் வேறு. அதற்குப் பற்கள் உண்டு. அது வழுக்கிக் கீச்சிடாது.

சரி, ஏன் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் சத்தம்? ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியிலிருந்து நிறைய கரன்ட்டை உறிஞ்சியிருக்கும். அதை ஈடுகட்ட, எஞ்சின் பிடித்த அடுத்த நொடியே ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்யும். ஒரு சின்ன கணக்கு போடலாம். 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 சதவீதம் என்று வைத்தால் பெல்ட் கொடுக்க வேண்டியது சுமார் 1,270 வாட். ஐடிலில் எஞ்சின் 800 ஆர்பிஎம், ஆல்டர்னேட்டர் 2,000 ஆர்பிஎம், அதன் புல்லியின் ஆரம் 28 மில்லிமீட்டர். இதையெல்லாம் போட்டுப் பார்த்தால், பெல்ட்டின் இறுக்கமான பக்கத்துக்கும் தளர்வான பக்கத்துக்கும் இடையே சுமார் 22 கிலோ வித்தியாசம் வேண்டும். கட்டைவிரல் அகலமே உள்ள ரப்பர் பட்டை ஒன்று, ஒரு சின்ன புல்லியை உராய்வால் மட்டுமே பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு மூட்டை சிமென்ட்டில் பாதியை இழுக்கிறது.

எப்படி முடிகிறது? துறைமுகத்தில் கப்பல் கயிற்றை ஒரு கட்டையில் நாலு சுற்று சுற்றிவிட்டு ஒரே ஆள் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கணக்குதான். 18ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் எழுதியது: இரண்டு பக்க இழுவிசைகளின் விகிதம், உராய்வும் சுற்றிய கோணமும் கூடக் கூட அடுக்குக்குறியாக எகிறும். ஆல்டர்னேட்டர் புல்லியை பெல்ட் 120 டிகிரி சுற்றியிருக்கிறது, உராய்வுக் கெழு 0.3, தளர்வான பக்கத்தில் டென்ஷனர் 10 கிலோ கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய மாவு மில் பெல்ட் மாதிரி தட்டையாக இருந்தால் அதிகபட்சம் 9 கிலோதான் இழுக்கும். போதாது. ஆனால் இதில் வரி வரியாக இருக்கிறது; ஒவ்வொரு வரியும் 40 டிகிரி பள்ளத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்குவதால் உராய்வு மூணு மடங்கு ஆனது போல் வேலை செய்யும். அதே 10 கிலோவுக்கு இப்போது 53 கிலோ இழுக்கும். தாராளம்.

இப்போது பனி ஈரம் பட்டு உராய்வு பாதியாகட்டும்: 53 கிலோ 15 ஆகிவிடும். தேவை 22. வழுக்கும், கத்தும், ரப்பர் சூடாகி ஈரம் காய்ந்ததும் நின்றுவிடும். இன்னொரு பக்கம், பெல்ட் காய்ந்தே இருக்கட்டும், டென்ஷனர் ஸ்பிரிங் தளர்ந்து 10 கிலோவுக்குப் பதில் 4 கிலோதான் கொடுக்கிறது என்றால்? 21 கிலோ. அப்போதும் வழுக்கும். எண்கள் ஒவ்வொரு வண்டிக்கும் மாறும், ஆனால் கதை இதுதான். புது பெல்ட் போட்டதும் ரெண்டு வாரம் அமைதி ஏன் என்பதற்கும் இதுவே காரணம். புது ரப்பரின் நல்ல பிடிப்பு, தளர்ந்த ஸ்பிரிங்கைக் கொஞ்ச நாள் மறைத்து வைக்கிறது.

நண்பர் ஒருவரின் எட்டு வயது டீசல் காரில் ஒரே வருடத்தில் ரெண்டு தடவை பெல்ட் மாற்றினார்கள். எஞ்சினை ஐடிலில் விட்டுப் பார்த்தால் டென்ஷனர் கை தலையாட்டி பொம்மை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. டென்ஷனரை மாற்றியதும் சத்தம் போனது, பெல்ட் அதேதான்.

தண்ணீர் சோதனைக்கு வருவோம். எஞ்சின் ஓடும்போது, சத்தம் வரும் நேரத்தில், ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை: இருந்த கொஞ்ச உராய்வையும் தண்ணீர் எடுத்துவிட்டது. சத்தம் சட்டென்று நின்று, காய்ந்ததும் திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. ஒரு டிகிரி கோணலே போதும். வரியின் பக்கவாட்டு பள்ளத்தில் உரசிக்கொண்டே நுழையும், அந்த உரசலுக்குத் தண்ணீர் எண்ணெய் போல ஆகிவிடுகிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். (துப்பட்டா, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக் கை எதுவும் பக்கத்தில் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்ற ஆரம்பிக்கும்.)

காதும் உதவும். நீளமாக இழுக்கும் "கீ...ச்" வழுக்கல். ஏசி போட்டதும் வந்தாலோ, ஹைட்ராலிக் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் முழுசாக ஒடிக்கும்போது வந்தாலோ, கிட்டத்தட்ட உறுதி. சிட்டுக்குருவி மாதிரி "கிச் கிச் கிச்" என்று தாளத்தோடு வருவது பெரும்பாலும் கோணல். இந்தத் தாளத்தை எண்ணவும் முடியும். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராங்க் புல்லி 800 ஆர்பிஎம்மில் நொடிக்கு 13 தடவை சுற்றும். பெல்ட் நொடிக்கு 5.9 மீட்டர் ஓடும். பெல்ட் நீளம் 1.76 மீட்டர் என்றால் அது நொடிக்கு மூணு முறைக்குச் சற்று அதிகமாக ஒரு முழுச் சுற்று வரும். ஆல்டர்னேட்டர் புல்லியோ நொடிக்கு 33 தடவை சுற்றும். மொபைலில் பத்து நொடி ரெக்கார்ட் செய்து, ஆடியோ எடிட்டரில் மேடுகளை எண்ணிப் பாருங்கள். 33 வந்தால் பெல்ட்டில் ஒரு இடம் சேதம்: ஒரு வரி கிழிந்திருக்கலாம், கல் குத்தியிருக்கலாம். 130 என்றால் கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைக்கிறவனுக்கு இதில் தனி சந்தோஷம்!

எஞ்சினை ஆஃப் செய்யும் கணத்தில் மட்டும் கீச்சிட்டால், ஆல்டர்னேட்டரில் ஒருவழிப் புல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் ரோட்டரைத் தானாகச் சுழல விடுவது அதன் வேலை. அது இறுகிவிட்டால் ரோட்டர் பெல்ட்டை இழுத்துக்கொண்டு போகும். பேரிங்குகளுக்குக் குறுக்கு வழி கிடையாது: எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால் கரகரப்பு விரலுக்கே தெரியும்.

பெல்ட்டில் சோப்புக் கட்டியைத் தேய்ப்பது, ஸ்ப்ரே அடிப்பது எல்லாம் எனக்குப் பிடிக்காது. சத்தம் அடங்கும், ஆனால் தகவல் போய்விடும். பிசுபிசுப்பில் தூசியும் ஒட்டும். அதே போல, விரிசல் இல்லையே, பெல்ட் நன்றாகத்தானே இருக்கிறது என்பதையும் நம்ப வேண்டாம். பழைய நியோப்ரீன் பெல்ட்தான் வெடிப்பு விட்டு எச்சரிக்கும். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் வெடிக்காமல் டயர் மாதிரி தேயும். தேய்ந்தால் வரி பள்ளத்தின் அடியைத் தொட்டுவிடும், ஆப்பு வேலை செய்யாது.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், அந்த ஒரு பெல்ட் அறுந்தால் முதலில் பேட்டரி விளக்கு எரியும். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் இருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் கொதிக்கும். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். சில டீசல் வண்டிகளில் பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்பே ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. மிச்சமிருக்கும் வாக்குவத்தில் ரெண்டு மூணு மிதி, அப்புறம் பெடல் கட்டை மாதிரி ஆகிவிடும். இதெல்லாம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது நடந்தால் என்ன ஆகும்? மலை ஏறும் முன் சத்தம் இருந்தால் அடிவாரத்திலேயே பானெட்டைத் திறந்து டென்ஷனரை ஒரு நிமிடம் பாருங்கள். ஓடும்போது விளக்கும் வெப்பமானியும் ஒன்றாக ஏறினால், அடுத்த ஊர் வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் அங்கேயே ஓரம் கட்டி நிறுத்திவிடுங்கள்.