குட்டி ரயில் கவிழ்ந்தா யாரைக் கூப்பிடுவீங்க?

நிஜ ரயில் தடம் புரண்டால் விசாரிக்க ஆள் இருக்கிறார். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் என்று பெயர். அவர் ரயில்வே இலாகாவுக்குக் கீழே வரமாட்டார், விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குக் கீழே வருவார். ரயிலைப் பற்றி ரயில்காரரே விசாரித்தால் நன்றாக இருக்காது என்றுதான் இந்த ஏற்பாடு. சரி, வீட்டில் பிளைவுட் பலகை மேல் ஓடுகிற குட்டி ரயில் தடம் புரண்டால்? அதற்கும் ஒரு ஆணையர் இருக்கிறார். கோவில்பட்டியில், கைலியும் துண்டுமாக!

எங்கள் செக்‌ஷன் நண்பர் ஒருத்தர் தீபாவளி போனஸை அப்படியே கொண்டுபோய்க் கொட்டி, செகண்ட் ஹேண்டில் ஒரு மாடல் ரயில் செட் வாங்கினார். எச்.ஓ. அளவு. அதாவது நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மி.மீ. ஒரு இன்ஜின், ஐந்து பெட்டி, இரண்டு பாயிண்ட், மற்றதெல்லாம் வளைவு. பின்கட்டு அறையில் நாலு கால் பலகை போட்டு, மனைவியின் முறைப்பையும் தாண்டி, பொங்கல் வரை ஜோராக ஓட்டினார்.

ஏப்ரலில் ஆரம்பித்தது சனி. இன்ஜின் பாயிண்ட்டைத் தாண்டும், வளைவில் திரும்பும். மூன்றாவது பெட்டி மட்டும் மல்லாக்க விழும். தூக்கி வைத்தால் அடுத்த சுற்றிலும் அங்கேயே. தண்டவாளத்தைத் துடைத்தார், எண்ணெய் விட்டார், பாயிண்ட்டைக் கழற்றி மாட்டினார். ஊஹூம். "ஓட்டை செட்டைத் தலையில கட்டிட்டாங்க சார்" என்று புலம்பி, பாதி விலைக்கு திருநெல்வேலிக்காரர் ஒருத்தரிடம் பேசியும் முடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை அவருடைய மாமனார் வந்து இறங்கினார். தெற்கு ரயில்வேயில் கீமேனாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

கீமேன் என்றால் தெரியுமில்லையா? விடிந்ததும் சுத்தியலும் ஸ்பானரும் சிவப்புக் கொடியுமாகத் தன் எல்லைக்குள் உள்ள தண்டவாளத்தை நடந்தே பார்த்து வருகிறவர். சாத்தூர், நள்ளி, கோவில்பட்டி, குமாரபுரம், கடம்பூர் என்று கரிசல் காட்டைக் கிழித்துக்கொண்டு போகிற இந்தப் பாதை 1876ல் மீட்டர் கேஜாகப் போட்டது. இப்போது பிராட் கேஜ். பாதை மாறியிருக்கிறது, மண் மாறவில்லை.

மாமனார் இரண்டு சுற்று பார்த்தார். பிறகு சொன்னார்: "மாப்ள, வண்டி எங்கன விழுகுதுன்னு பாக்காதீங்க. எங்கன ஏறுதுன்னு பாருங்க."

ஏறுமிடம் வேறு, இறங்குமிடம் வேறு

இதுதான் விஷயமே. சக்கரத்தின் உள்பக்கம் ஒரு விளிம்பு இருக்கிறதே, ஃபிளாஞ்ச், அதுதான் சக்கரத்தைத் தண்டவாளத்துக்குள் பிடித்து வைத்திருக்கிறது. தடம் புரளும்போது முதலில் அந்த விளிம்பு தண்டவாளத்தின் தலைமேல் ஏறும். கொஞ்ச தூரம் மேலேயே உருண்டு போகும். அப்புறம்தான் மறுபக்கம் இறங்கும். நாம் இறங்கின இடத்தைக் குடைந்துகொண்டிருப்போம். கோளாறு அதற்கு முன்னாலேயே இருக்கும். நிஜ விபத்தில் அதிகாரிகள் குனிந்து தேடுவதும் தண்டவாளத் தலைமேல் சக்கரம் ஏறின கீறலைத்தான்.

மாமனார் அறை விளக்கை அணைக்கச் சொன்னார். டார்ச்சைத் தண்டவாள மட்டத்தில் வைத்து, கன்னத்தைப் பலகையில் ஒட்டிக்கொண்டு, "மெல்ல விடுங்க" என்றார். மூன்றாவது பெட்டியின் முன் சக்கரம் பாயிண்ட்டைத் தாண்டி ஒரு சாண் தூரத்தில் சத்தமில்லாமல் மேலே ஏறியது. விழுந்தது அதற்கும் ஒரு முழம் தள்ளி. ஏறின இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு.

யார் குற்றவாளி?

அடுத்த பாடம் கணக்கு மாதிரி சுலபம். எல்லாப் பெட்டியும் ஒரே இடத்தில் விழுந்தால் குற்றம் தண்டவாளத்தில். ஒரே பெட்டி எல்லா இடத்திலும் விழுந்தால் குற்றம் பெட்டியில். ஒரே பெட்டி, ஒரே இடம் என்றால் இரண்டு பேரும் கூட்டுச் சதி!

நண்பருடையது மூன்றாவது ரகம். ஆகவே இரண்டு பக்கமும் விசாரணை.

முதலில் பாயிண்ட். அசைகிற கூர்மையான தண்டவாளம், டங் ரெயில், பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டி நிற்கவேண்டும். நடுவில் ஒரு மணல், ஒரு தலைமுடி போதும், சக்கரம் தப்பு வழியில் மூக்கை நுழைத்துவிடும். நிஜ ரயில்வேயில் 5 மி.மீ. தகடு ஒன்றை நடுவில் வைத்துப் பார்ப்பார்கள். அது இருக்கும்போது பாயிண்ட் பூட்டிக்கொண்டால் பாயிண்ட் ஃபெயில். நம் குட்டி ரயிலில் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள். லேசாக வந்துவிட்டால் ஒட்டவில்லை என்று அர்த்தம். நண்பருடைய பாயிண்ட் பாஸ்.

அடுத்தது ஜாயின்ட். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தண்டவாளத்தின் உள்விளிம்பைத் தடவினால் போதும். நகம் தட்டுகிற இடத்தில் சக்கரமும் தட்டும். மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் சரி. தட்டவில்லை. அதுவும் பாஸ்.

மூன்றாவது சக்கரம். இரண்டு சக்கரங்களின் உள்முதுகுகளுக்கு நடுவே எச்.ஓ.வில் சுமார் 14.4 மி.மீ. இருக்கவேண்டும். நம் பிராட் கேஜில் தண்டவாள அகலம் 1,676, சக்கர இடைவெளி 1,600 மி.மீ. என்கிற மாதிரி. இது குறைந்தால் பாயிண்ட்டின் கிராசிங்கில் முட்டும், கூடினால் வளைவில் நெருக்கும். பட்டறை வெர்னியரை இரவல் வாங்கி அளந்தோம். சரியாக இருந்தது.

எடையையும் பார்த்தோம். அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்குப்படி எச்.ஓ. பெட்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அப்புறம் நீளத்தில் இஞ்சுக்கு அரை அவுன்ஸ். பத்து இஞ்ச் பெட்டி என்றால் சுமார் 170 கிராம். எடை குறைந்த பெட்டி முன்னால் போய், கனமான பெட்டிகள் பின்னால் வந்தால், வளைவில் அந்த நோஞ்சான் பெட்டி உள்பக்கமாக இழுபட்டுச் சாயும். மளிகைக் கடைத் தராசில் நிறுத்தோம். அதுவும் சரி.

வளைவு என்கிற வில்லன்

இங்கே வளைவுக்கும் ஒரு வார்த்தை. செட்டோடு வருகிற வளைவின் ஆரம் 36, 37 செ.மீ. இதை 87ஆல் பெருக்கினால் சுமார் 32 மீட்டர். நம் ஊர் பிராட் கேஜில் அதிகபட்ச வளைவே 175 மீட்டர் ஆரம்தான். 46 கிலோமீட்டரில் 208 வளைவு எடுக்கிற ஊட்டி ரயிலுக்கே 100 மீட்டர். ஊட்டி வளைவை வீட்டில் அளவு மாறாமல் போட 1.15 மீட்டர் ஆரம் வேண்டும். பிராட் கேஜ் வளைவு போட 4 மீட்டர் அகல அறை வேண்டும். வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? ஆகவே நம் குட்டி ரயில் எப்போதும் கழைக்கூத்தாடி மாதிரிதான் ஓடுகிறது. நிஜத்தில் மன்னிக்கப்படுகிற சின்னத் தப்பு இங்கே மன்னிக்கப்படாது. இடது வளைவு முடிந்ததும் உடனே வலது வளைவு போடாதீர்கள். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர் தண்டவாளம் இருக்கட்டும்.

கோலிக்குண்டு சொன்ன தீர்ப்பு

எல்லாமே பாஸ் என்றால் வண்டி ஏன் விழுகிறது? மாமனார் பேரனிடம் ஒரு கோலிக்குண்டு கேட்டு வாங்கினார். சாக்பீஸ் கோட்டருகே பலகையில் வைத்தார். அது கடகடவென்று ஒரு மூலைக்கு ஓடியது. எதிர் மூலையில் வைத்தால் ஓடவில்லை!

"மழையில உப்பும், வெயில்ல சுருங்கும். கரிசலு பொல்லாதது தம்பி" என்றார் என்னைப் பார்த்து.

தீபாவளி சமயம் மழையில் உப்பியிருந்த மண், ஏப்ரல் வெயிலில் சுருங்கி, பின்கட்டுத் தரை ஒரு மூலையில் இறங்கியிருக்கிறது. அதோடு பலகையின் ஒரு காலும். பலகை முறுக்கிக்கொண்டது. ரயில்வேயில் இதற்கு ட்விஸ்ட் என்றே பெயர். முறுக்கின பாதையில் நாலு மூலைச் சக்கரமும் ஒன்றாகப் பதியவேண்டும் என்றால் பெட்டி கொஞ்சம் வளைந்து கொடுக்கவேண்டும். மற்ற நாலு பெட்டியும் கொடுத்தன. மூன்றாவது பெட்டியின் போகி ஸ்குரூவை முன்னாள் சொந்தக்காரர் யாரோ இறுக்கி வைத்திருந்தார். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க, வளைவு வந்ததும் விளிம்பு ஏறிவிட்டது. கூட்டுச் சதி அம்பலம்!

ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தினார். இறங்கிய காலுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்துச் செருகினார். கோவில்பட்டியில் அதற்கா பஞ்சம்? ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது அட்டையில் கோலிக்குண்டு நின்றது. ரயில் நாற்பது சுற்று ஓடியது. நாங்கள்தான் எண்ணி எண்ணிக் களைத்தோம்.

"முப்பது வருசம் நடந்தேன். என் எல்லையில ஒரு வண்டி எறங்கினதில்ல. வீட்டுக்குள்ள எறங்க விடுவனா?" என்றார் மாமனார். ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு அட்டையை உருவிவிடும்படி உத்தரவும் போட்டார். திருநெல்வேலிக்காரருக்கு சனிக்கிழமை காலையிலேயே போன் போய்விட்டது.

உங்கள் வீட்டில் குட்டி ரயில் இருந்தால் அரத்தையும் எண்ணெயையும் எடுக்கும் முன் டார்ச், சாக்பீஸ், கோலிக்குண்டு மூன்றையும் எடுத்து வையுங்கள். ரயிலே இல்லையா? பரவாயில்லை. அடுத்த முறை நெல்லை எக்ஸ்பிரஸில் வரும்போது, கோவில்பட்டிப் பக்கம் விடிகிற நேரத்தில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். தண்டவாள ஓரம் ஒதுங்கி, சுத்தியலோடு ஒருத்தர் நிற்கக்கூடும். நீங்கள் நிம்மதியாகத் தூங்கி வந்ததற்குக் காரணம் அவர்தான். ஒரு கையசைத்துவிட்டு வாருங்கள்.