கள்ளின் நுரையில் ஒரு மருந்து

ஆப்ப மாவு பொங்குவதற்காக அதில் சிறிது கள்ளை விடும் வழக்கம் தென்னாட்டில் பல இடங்களில் உண்டு. இரவில் கரைத்து வைத்த மாவு விடியற்காலையில் நுரைத்து எழும்பி நிற்கும். இந்த வேலையைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஒரு ஜீவராசி. மேனாட்டார் அதற்கு ஈஸ்ட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ரொட்டியை உப்ப வைப்பதும் அதுவே. இனிய பதநீரைக் கள்ளாக்கிக் கெடுப்பதும் அதுவே. மதுவிலக்கில் பற்றுள்ள நேயர்களுக்கு அதன் மீது கோபம் இருப்பது நியாயந்தான். அந்தக் கோபத்தைச் சற்றுத் தணிக்கக்கூடிய சரித்திரம் ஒன்று உண்டு.

மஞ்சட்காமாலையில் பல வகைகள் இருக்கின்றன. அவற்றுள் மிகப் பொல்லாத ஒன்று 'ஹெபடைடிஸ் பி' என்னும் வைரஸினால் உண்டாவது. இது ரத்தத்தின் மூலம் பரவுகிறது. பிரசவ காலத்தில் தாயிடமிருந்து சிசுவுக்கும் தொற்றுகிறது. அப்படித் தொற்றிய சிசுக்களில் 100க்குச் சுமார் 90 பேரை விட்டு அது பிறகு அகலுவதே இல்லை. பல ஆண்டுகள் ஓசையின்றி ஈரலில் குடியிருந்து, கடைசியில் ஈரலைச் சுருக்கிவிடுகிறது. சிலருக்குப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி, 2022-ம் ஆண்டில் இந்த வியாதியைச் சுமந்து கொண்டிருந்தவர்கள் 25 கோடியே 40 லட்சம் பேர்.

அமெரிக்கரான டாக்டர் பிளம்பர்க், 1960-க்குப் பிந்திய சில ஆண்டுகளில், ஆஸ்திரேலிய ஆதிவாசி ஒருவருடைய ரத்தத்தில் விசித்திரமான புரதம் ஒன்றைக் கண்டார். அது இந்த வைரஸின் மேலங்கி என்று பின்னர் தெரிய வந்தது. இதற்காக 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உள்ளே ஆள் இல்லாத வெறும் அங்கியினால் வியாதி வராது. ஆனால் அதை ஒரு முறை பார்த்து வைத்துக் கொண்ட தேகம், உண்மையான பகைவன் அதே அங்கியுடன் வரும்போது அடையாளம் கண்டு விரட்டிவிடும். ஆகவே மருந்துக்கு வேண்டியது அங்கி மட்டுமே.

அதை எங்கிருந்து பெறுவது? நோயாளிகளின் ரத்தத்திலிருந்துதான்! அமெரிக்காவில் 1981-ல் அனுமதி பெற்ற முதல் தடுப்பு மருந்து அவ்விதமே தயாராயிற்று. கடுமையான ரசாயனங்களால் கிருமிகளைக் கொன்று, அங்கியை மட்டும் பிரித்து எடுத்தார்கள். அதே சமயத்தில் எய்ட்ஸ் நோய் தலைகாட்டவே, இந்த மருந்தைக் கண்டு ஜனங்கள் அஞ்சினார்கள். அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று பிற்பாடு தெளிவாயிற்று. என்றாலும், நோயாளியின் ரத்தத்தை நம்பி உலகத்துக்கெல்லாம் எப்படி மருந்து செய்வது?

இங்கேதான் ஈஸ்ட் வருகிறது. அங்கியைத் தைப்பதற்கான 'அளவுக் குறிப்பு' வைரஸின் ஜீனில் அடங்கியிருக்கிறது. பாக்டீரியாவுக்குள் அதைச் செலுத்திப் பார்த்தார்கள், வேலை சரிப்படவில்லை. வாலென்சுவேலா, ரட்டர், ஹால் முதலிய விஞ்ஞானிகள் அதை ஈஸ்டுக்குள் புகுத்தினார்கள். ஈஸ்ட் அங்கியைத் தைத்ததோடு நில்லாமல், மனித ரத்தத்தில் காண்பது போலவே சிறு உருண்டைகளாகவும் கோத்துக் கொடுத்தது! 1982-ல் இச்செய்தி வெளியாயிற்று. 1986-ல் மருந்து விற்பனைக்கு அனுமதி பெற்றது.

செய்முறையில் கடினமான பகுதி ஈஸ்டை வளர்ப்பதல்ல. தொட்டியில் தீனி போட்டால் அது தானே பெருகும். பிறகு அந்த ஜீவாணுக்களை உடைத்து, மற்றக் கசடுகளிலிருந்து அங்கியை மட்டும் சுத்தமாகப் பிரிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஒரு குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 10 மைக்ரோகிராம். அதாவது, ஒரு கிராம் சரக்கு லட்சம் ஊசிகளுக்குப் போதும்.

இவ்வளவு சொற்பமான சரக்கு, நம் நாட்டில் இறக்குமதியானபோது ஊசி ஒன்றுக்கு 20 டாலருக்கு மேல் விற்றது. மூன்று ஊசிகள் போட வேண்டும். கூலிக்காரன் வீட்டுக் குழந்தைக்கு இது எட்டுமா?

ஹைதராபாத்தில் வரப்பிரசாத ரெட்டி என்னும் மின்னணு என்ஜினீயர் இதைப் பற்றிக் கவலை கொண்டார். வைத்தியத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. செய்முறையை விலைக்குக் கேட்டபோது மேனாட்டுக் கம்பெனி ஒன்று ஏளனமாக மறுத்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். 1993-ல் தம் தாயாரின் பெயரால் 'சாந்தா பயோடெக்னிக்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். பணத்துக்கு ஓமான் நாட்டு வெளிநாட்டு மந்திரி கை கொடுத்தார். இவர்கள் எடுத்துக் கொண்டது 'பிச்சியா' என்னும் வேறு ஜாதி ஈஸ்ட். மெதனால்தான் அதற்குத் தீனி. கள்ளச் சாராயத்தில் கலந்து கண்ணையும் உயிரையும் பறிக்கிறதே, அதே மெதனால்! அதைத் தின்று அது குழந்தைகளுக்கு மருந்து செய்தது.

1997 ஆகஸ்டில் மருந்து வெளிவந்தது. விலை சுமார் ஒரு டாலர். வேறு இந்தியக் கம்பெனிகளும் தொடரவே, இறக்குமதிச் சரக்கின் விலையும் இறங்கிற்று. 2002-ல் உலக சுகாதார ஸ்தாபனம் சாந்தாவின் மருந்தை ஒப்புக் கொண்டது. அந்தக் கம்பெனியே 2009-ல் பிரெஞ்சு நாட்டு ஸனோபியின் கைக்கு மாறியதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

இப்போது ஸர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இந்த ஊசி இலவசம். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கிய ஐந்து மருந்து சேர்ந்த ஊசியில் இதுவும் ஒன்று. அதைப் போடுவது 6, 10, 14 வாரங்களில். ஆனால் முதல் ஊசி அவ்வளவு நாள் காத்திருக்கலாகாது. குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிட வேண்டும்.