சாப்பிடும் முன் கேட்போம், சாப்பிட்ட பின் சண்டை வேண்டாம்



சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். பாட்டியைக் கிளினிக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போன குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி என்று ஐந்து பேர். பசி நேரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போர்டில் "சோறும் கறியும் 300 ரூபா" என்று இருந்தது. நான்கு சாப்பாடு சொன்னார்கள். பாட்டிக்குப் பிள்ளைகளின் தட்டிலிருந்து கொஞ்சம் கொடுத்தால் போதும் என்று கணக்கு. 1200 ரூபாவில் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள்.

சோற்றோடு சின்னச் சின்னத் தட்டில் இரண்டு கோழிக் கறியும் இரண்டு மீனும் வந்தன. யாரும் கேட்கவில்லை. சாப்பாட்டோடு சேர்ந்ததுதான் என்று எண்ணிச் சாப்பிட்டார்கள். மேசையில் வைத்திருந்த வடை, ரோல்ஸ் தட்டிலிருந்து பிள்ளைகள் ஐந்தை எடுத்தார்கள். ஒரு தண்ணீர்ப் போத்தலும் திறந்தாயிற்று. பில் வந்தது: சோறு 1200, கோழி 500, மீன் 400, வடையும் ரோல்ஸும் 500, தண்ணீர் 100. மொத்தம் 2700 ரூபா.

"நாங்க கோழி கேக்கவே இல்லையே" என்றார் இவர். "சாப்பிட்டீங்கதானே? சாப்பிட்டா காசு குடுக்கணும்" என்றார் காசு வாங்குபவர். குரல் ஏறியது. மற்ற மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி மருந்துக்கு வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்துக் கணவனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். "காசு போனதுகூடப் பரவாயில்லைங்க ஐயா. பிள்ளைங்க முன்னால, திங்கத் தெரிஞ்சவங்களுக்குக் குடுக்கத் தெரியாதான்னு கேட்டுட்டான். அதைத்தான் தாங்க முடியலை" என்றார் அவர்.

இதைப் போன்ற கதைகள் நம்மிடம் அடிக்கடி வருகின்றன. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் இதை எழுதவில்லை. சண்டை காசு கட்டும் இடத்தில் வெடிக்கிறது; ஆனால் அது ஆரம்பிப்பது உட்காரும்போதே. கடைக்காரர் தன் வழக்கத்தைச் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. ஆகவே எங்கெங்கே பிசகு நடக்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

பிசகு நடக்கும் இடங்கள்

சின்னத் தட்டுகள்: பல கடைகளில் சோறும் மரக்கறியும்தான் போர்டில் உள்ள விலைக்கு. மீன், முட்டை, இறைச்சி எல்லாம் தனிக்காசு. தொடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். தொட்டால் கணக்கில் சேரும். தட்டு வந்தவுடனேயே "தம்பி, இது சாப்பாட்டோடயா, தனியா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் "எடுத்துக்கிட்டு போங்க" என்று சொல்லிவிடலாம்.

வடைத் தட்டு: மேசையில் வைத்த தட்டில் எத்தனை குறைந்ததோ அத்தனைக்குக் காசு. தட்டு வந்தவுடன் எண்ணிக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைத் தள்ளி வையுங்கள்.

இரண்டாம் முறை சோறு: சில கடையில் சும்மா போடுவார்கள், சில கடையில் காசு. இதுவும் கேட்டுக்கொள்ள வேண்டியதே.

தேநீர்: "டீ" என்று மட்டும் சொன்னால் பல இடங்களில் பால் டீதான் வரும். பிளேன்டீ வேண்டுமானால் பிளேன்டீ என்றே சொல்லுங்கள். இரண்டின் விலையும் வேறு.

தண்ணீர்ப் போத்தல்: 2025 ஏப்ரலில் போத்தல் தண்ணீருக்கு உச்ச விலை கொண்டுவரப்பட்டது. அப்போது அரை லீற்றருக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100 ரூபா, ஒன்றரை லீற்றருக்கு 130 ரூபா என்று நிர்ணயித்தார்கள். இந்த விலைகள் காலத்துக்குக் காலம் மாறக்கூடும். போத்தலில் அச்சிட்ட விலையைப் பார்த்துவிட்டே மூடியைத் திறவுங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது குற்றம்.

சேவைக் கட்டணமும் வற் வரியும்

பெரிய ரெஸ்டூரண்டுகளில் விலைப்பட்டியலின் அடியில் சின்ன ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருக்கும். சேவைக் கட்டணமும் வரியும் தனி என்பதே அதன் பொருள். நம்மில் பலர் அதை வாசிப்பதில்லை.

சேவைக் கட்டணம் பெரும்பாலும் 10 வீதம். இது அரசாங்கத்துக்குப் போகும் வரி அல்ல, கடை அறவிடுவது. வற் வரி என்பது பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் அது 18 வீதமாக்கப்பட்டது. வற் வரிக்குப் பதிவு செய்த கடை மட்டுமே அதை வாங்கலாம். பதிவு இலக்கம் பில்லில் இருக்க வேண்டும்.

உதாரணத்துக்கு 2000 ரூபாவுக்குச் சாப்பிட்டால், சேவைக் கட்டணம் 200, வற் 360. பில் 2560 ரூபா ஆகிறது. கணக்குப் போடும் முறை கடைக்குக் கடை கொஞ்சம் மாறலாம். "பட்டியல்ல இருக்கிற விலைதானா, இல்ல மேல சேருமா?" என்ற ஒரு கேள்வி அந்த 560 ரூபாவை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது நம் பிள்ளைகள் வங்கி அட்டையில் காசு கட்டுகிறார்கள். அட்டை என்றால் இரண்டு மூன்று வீதம் கூட என்று சில கடைகளில் கேட்பதுண்டு. அந்தச் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று மத்திய வங்கி அறிவித்திருக்கிறது.

விசேஷத்துக்குக் கொடுக்கும் அட்வான்ஸ்

கடையில் போவது நூறு, ஆயிரம். சடங்கு, கல்யாணத்துக்குச் சாப்பாடு சொல்லி அட்வான்ஸ் கொடுப்பது பல ஆயிரம். லயத்தில் ஒரு சாவு விழுந்தால் சடங்கைத் தள்ளி வைக்கிறோம். அப்போது போய்க் கேட்டால் "அட்வான்ஸ் திருப்பித் தர்ற வழக்கம் இல்ல" என்பார்கள். அந்த வழக்கத்தை முதலிலேயே சொன்னாரா? சொல்லவில்லை. நாம் கேட்டோமா? கேட்கவில்லை.

ஆகவே காசு கொடுக்கும்போதே ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: எத்தனை பார்சல், ஒன்று என்ன விலை, என்ன திகதி, கொடுத்த அட்வான்ஸ் எவ்வளவு, தோட்டத்துக்கு ஏற்றி வரும் வேன் கூலி யாருடையது. கடைசியாக, நாள் மாறினால் அந்தக் காசு புது நாளுக்குச் செல்லுமா, நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுதுங்கள். தெரிந்த கடைக்காரர் என்றாலும் எழுதுங்கள். எழுதி வைத்தால் பழக்கமும் கெடாது.

தகராறு வந்துவிட்டால்

முதலில் பில்லைக் கேளுங்கள். வாயால் சொல்லும் கணக்கில் பிழை தெரியாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி விலையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது. பில் கேட்பது நம் உரிமை.

சத்தம் போடாமல் வரிவரியாகக் கேளுங்கள். கேட்காதது, சாப்பிடாதது இருந்தால் அதைக் காட்டுங்கள். தீராவிட்டால் முதலாளியோடு பேசுங்கள். காசு கட்டாமல் எழுந்து போய்விடாதீர்கள். நம் பக்கம் நியாயம் இருந்தாலும் அது நம்மைக் குற்றவாளி ஆக்கிவிடும். அடையாள அட்டையை ஈடாக வைத்துவிட்டும் வராதீர்கள். காசைக் கட்டி, பில்லைப் பத்திரப்படுத்தி, முறைப்பாடு செய்யுங்கள்.

அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. எழுத்தில் செய்யும் முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பில், திகதி, போர்டில் இருந்த விலை ஆகியவற்றை எழுதுங்கள்.

2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் கொத்து ரொட்டிக்கு 1900 ரூபா சொல்லி, விலையைக் கேட்டதற்கு மிரட்டிய ஒருவரைப் பொலிஸார் கைது செய்தார்கள். அந்த வெளிநாட்டுக்காரர் கையில் கேமரா இருந்தது. நம் கையில் பில் இருக்கட்டும்.

பரிமாறுகிறவனும் நம் பிள்ளை

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொழும்பிலும் கண்டியிலும் ஹட்டனிலும் மேசை துடைத்துச் சோறு போடுகிறவர்களில் எத்தனை பேர் நம் லயத்துப் பிள்ளைகள்! மேலே சொன்ன கடையில் தட்டு வைத்த பையனும் பக்கத்துத் தோட்டத்துக்காரன்தான். அவனை நாம் சந்தித்தோம். "வைக்கச் சொல்றாங்க ஐயா, வைக்கிறேன். கணக்குல குறைஞ்சா என் சம்பளத்துல வெட்டுறாங்க" என்றான். விலையைத் தீர்மானிப்பது அவன் அல்ல. அவன்மேல் பாய்ந்து பயனில்லை.

கடைகளில் வேலை செய்யும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. தட்டை வைக்கும்போது "அண்ணே, இது தனிக்காசு" என்று மெதுவாகச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றும்.

விலை கேட்டால் ஏழை என்று நினைப்பார்களோ என்ற வெட்கம்தான் நம்மில் பலரை வாயடைக்க வைக்கிறது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நாம் வெட்கப்படுகிறோமா? தராசைப் பார்க்காமல் யாராவது நகர்கிறோமா? எத்தனை கிலோ கழித்தார்கள் என்று கணக்கப்பிள்ளையிடம் நின்று கேட்கிறோம்தானே. மலையில் அப்படிக் கேட்டுச் சேர்த்த காசு இது. டவுனிலும் கேட்போம்.

பில்லில் சந்தேகம் இருந்தால், முறைப்பாடு எழுதத் தெரியாவிட்டால், நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து எழுதிக் கொடுப்போம். வரும்போது பில்லைக் கொண்டுவர மறந்துவிடாதீர்கள்.