க்ஷண நேரத்து முகபாவமும் மலிவு விலைக் காமிராவும்

விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்துத் தேர்ந்தவரான ஹங்கேரியர் மார்ட்டின் முன்காச்சி, 1933ஆம் ஆண்டில் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டுக் கடற்கரையில், லூசில் ப்ரோகா என்னும் மாடலை மேலங்கி காற்றில் பறக்க ஓடவிட்டு எடுத்த படம் 'ஹார்ப்பர்ஸ் பஜார்' பத்திரிகையில் வெளியானபோது, ஸ்டூடியோ விளக்குகளின் கீழே அசையாமல் நின்று பழகிய ஃபாஷன் புகைப்படக் கலைக்கு ஒரு புதிய சுவாசம் கிடைத்தது. தங்கையையோ தோழியையோ மாடலாக்கி, யாதொரு அலங்கார ஏற்பாடுமின்றிப் படமெடுக்க விரும்பும் அமெச்சூர்கள் நாடுவதும் அந்த இயல்பைத்தான்.

இதற்காகச் சொற்ப விலையில் டிஜிட்டல் காமிரா வாங்கப் போகிறவர்கள் மெகாபிக்சல் கணக்கில் மனத்தைச் செலுத்துவது வீண். 10 அங்குலத்துக்கு 8 அங்குலப் படத்தை, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட, 72 லட்சம் புள்ளிகளே போதும். பொத்தானை அழுத்தியபின் படம் பதிவாக எவ்வளவு நேரமாகிறது என்பதே விசாரிக்கத் தக்கது. விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் அரை விநாடியில் 60 சென்டிமீட்டர் கடந்துவிடுகிறார். தானாக மலர்ந்த சிரிப்போ, படமெடுக்கப்படுகிறோம் என்ற பிரக்ஞை வந்த மாத்திரத்தில் வெறும் பாவனையாகிவிடுகிறது.

பழைய கையடக்கக் காமிராக்கள், பிம்பம் எங்கே மிகக் கூர்மையாகிறதென்று லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தே ஃபோகஸ் செய்வதால் தாமதிக்கின்றன. டி.எஸ்.எல்.ஆர். காமிராவிலுள்ள தனி உறுப்போ, லென்ஸின் எதிரெதிர் ஓரங்களின் வழியே வரும் ஒளி உண்டாக்கும் இரு பிம்பங்களின் விலகலை அளந்து, லென்ஸ் எத்திசையில் எவ்வளவு நகர வேண்டுமென்பதை உடனே நிர்ணயித்துவிடுகிறது. இந்த அனுகூலம் வியூஃபைண்டரில் கண் வைத்து எடுப்பவருக்கே உரியது. பின்புறத் திரையைப் பார்த்து எடுத்தால் பழைய மாதிரிகள் பலவும் மீண்டும் தடுமாறும்.

மாலை வெளிச்சத்தில் சென்சாரின் விஸ்தீரணமும் முக்கியம். சாதாரணக் கையடக்கக் காமிராவில் அது சுமார் 28 சதுர மில்லிமீட்டர், விலை குறைந்த டி.எஸ்.எல்.ஆர். காமிராக்களிலுள்ள ஏ.பி.எஸ்.-சி. வகையில் ஏறத்தாழ 13 மடங்கு. துளை எஃப் 1.8 வரை விரியும் லென்ஸ், எஃப் 5.6 அளவில் நிற்பதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை அனுமதிக்கும்.

ஆகவே, கைமாறி வந்த டி.எஸ்.எல்.ஆர். ஒன்றையும், மலிவாகக் கிடைக்கும் 50 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸையும் வாங்குவதே உத்தமம் என்பேன். வாங்குமுன் லென்ஸின் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள்; உள்ளே சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஏ.பி.எஸ்.-சி. சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 75 மில்லிமீட்டர் போல் நெருக்கிக் காட்டுமாதலால், சிறிய அறைகளிலேயே எடுப்பவர்கள் 35 மில்லிமீட்டரைத் தேடுவது நலம்.