உஷார்! "தானா சரியாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்

மார்சிலிங் வட்டாரப் பெரியவர்களே, அவர்களுடைய பிள்ளைகளே, இதைப் படித்துவிட்டு மறு வேலை பாருங்கள்!

காலையில் காப்பிக்கடையில் தே-ஓ குவளையை எடுக்கிறீர்கள். வலது கை திடீரென்று துவண்டு விழுகிறது. வாய் குழறுகிறது. பத்து நிமிடத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது. "வாயுப் பிடிப்பு, தைலம் தேய்ச்சா போதும்" என்று வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடாதீர்கள்! மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை ஓர் ரத்தக் கட்டி அடைத்துவிட்டுத் தானே விலகியிருக்கலாம். அடுத்த கட்டி விலகாமல் நின்றுவிட்டால் அது முழுப் பக்கவாதம். ஓரிரு நாளிலேயே அது வந்துவிடவும் கூடும். ஆகவே கை சரியாகிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்று:

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறதா?
கை: இரண்டையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் கீழே இறங்குகிறதா?
பேச்சு: குழறுகிறதா, சம்பந்தமில்லாமல் வருகிறதா?

ஒன்று தென்பட்டாலும் 995ஐ அழையுங்கள்! மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உண்மையான அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் கட்டணம் கிடையாது. வழியிலேயே மருத்துவமனைக்குத் தகவல் போய்விடும். டாக்சியில் போனால் அந்த வசதி இல்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றும் 'விரல் நுனியில் ஊசியால் குத்துங்கள்' வைத்தியத்தை நம்பாதீர்கள். தண்ணீர், சோறு, மாத்திரை எதையும் வாயில் போடாதீர்கள், புரையேறிவிடும். ஆஸ்பிரினும் கூடாது. வந்திருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

ஏன் இத்தனை அவசரம்? பெரிய அடைப்பில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" என்று டாக்டர் கேட்பது அதற்காகத்தான்.

உடனே உதவி கிடைத்ததற்கு ஓர் உதாரணம்: 2016 மே 12 அன்று அமைச்சரவைக் கூட்டத்திலேயே அன்றைய அமைச்சர் ஹெங் சுவீ கியெட் பக்கவாதத்தால் சரிந்தார். அப்போது அவருக்கு வயது 54தான். மருத்துவம் படித்த சக அமைச்சர்கள் அங்கேயே இருந்து உதவினார்கள். பிழைத்து மறுபடி பணிக்கும் வந்தார். வீவக வீட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? காலையும் மாலையும் ஒரு போன் போடுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் சொல்லி வையுங்கள்.

வருமுன் காப்பதற்கு முதல் வேலை, பிரஷரைப் பார்ப்பது. 2021-22 தேசியக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கு மேல் உயர் ரத்த அழுத்தம். வலி தராது என்பதால் பலருக்கு இருப்பதே தெரியாது. "இப்போ நார்மல்தானே" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். நார்மலாக இருப்பதே அந்த மாத்திரையால்தான்! ஜோகூருக்கு ஒரு நாள் போனாலும் பையில் இருக்கட்டும்.

அடுத்தது உப்பு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிற்கச் சொல்கிறது. 2022 கணக்குப்படி நம் சராசரி 3,620. பரோட்டாவுக்கு இன்னொரு கரண்டி கறி, மீ சூப்பின் கடைசிச் சொட்டு, கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாவற்றையும் குறையுங்கள். சர்க்கரையையும் கொழுப்பையும் கட்டுக்குள் வையுங்கள். புகையை விட்டொழியுங்கள். நாடி தாறுமாறாகத் துடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவும் கட்டியை உண்டாக்கும்.

40 வயது தாண்டிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேரலாம். முதல் ஆலோசனை இலவசம். கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தீர்கள்? ஞாபகமில்லை என்றால் இன்றே பாருங்கள்!