தீபாவளிக்குக் காலியாகும் ஊர்

போன மே மாதம் பிள்ளைகள் இருவரையும் லீவுக்குத் திருப்பூர் கூட்டிப்போகிறேன் என்றதும் சென்னையில் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "அங்க என்ன இருக்கு? மொத்தமா துணி எடுக்கவா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. திருப்பூர் பிழைக்க வருகிற ஊர். தீபாவளிக்கு விட்டுப்போகிற ஊர். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கே சின்ன வயதில் அது 'ஊர்' இல்லை. "ஊருக்குப் போறோம்" என்று அப்பா சொன்னால் ஆண்டிபட்டிப் பக்கம் போகிறோம் என்று அர்த்தம்.

அப்பாவும் அம்மாவும் கல்யாணமான கையோடு 1983-இல் திருப்பூர் வந்து இறங்கியவர்கள். 1920களிலிருந்தே வெள்ளை பனியன் தைத்துக்கொண்டிருந்த ஊர் அது. எழுபதுகளின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வந்து டி-ஷர்ட் கேட்டார்கள். அதற்குப்பின் எங்கெல்லாம் மழை பொய்த்ததோ அங்கிருந்தெல்லாம் பஸ் ஏறினார்கள். தேனி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று எங்கள் லைன் வீட்டின் எட்டுக் குடும்பத்தில் நாலு மாவட்டம் இருந்தது. வீட்டுக்காரம்மா மட்டும்தான் உள்ளூர்க் கவுண்டர். "ஏங்கண்ணு, உங்கூருக்கு எப்பப் போறீங்க?" என்று எங்களைக் கேட்பார். எங்களுக்கும் அது சரியான கேள்வியாகத்தான் பட்டது.

தீபாவளி போனஸ் கைக்கு வந்த அன்றே மூட்டை கட்டுவார்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்து, தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் என்று விடிய விடியப் போவோம். அப்பாவின் பையில் பலகாரத்தைவிட பனியன்தான் அதிகம். ஊசி ஓட்டை விழுந்தது, பிரிண்ட் கோணலாகப் போனது என்று கழிக்கப்பட்ட ஏற்றுமதி செகண்ட்ஸ். அடுத்த நாள் காலையில் ஊரின் கிரிக்கெட் டீம் முழுக்க, ஐரோப்பாவில் ஏதோ ஒரு ஊரின் கோடைக்கால முகாம் பேர் எழுதிய டி-ஷர்ட்டோடு மந்தையில் நிற்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் கேட்டால் ஏதாவது சொல்லிவைப்பேன். பனியன் கம்பெனிக்காரன் மகள் அல்லவா.

இப்போது அந்த மந்தையில் ஆட ஆளில்லை. அந்த கிரிக்கெட் டீமில் பாதிப்பேர் திருப்பூரில்தான் இருக்கிறார்கள். தென்மாவட்ட பஸ்கள் கோவில்வழி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. பழைய பஸ் ஸ்டாண்டை இடித்துப் பெரிதாகக் கட்டியாயிற்று.

நாங்கள் போனது வந்தே பாரத்தில். 2023 ஏப்ரலில் ஓட ஆரம்பித்த வண்டி; மத்தியானம் சென்னையில் ஏறினால் ராத்திரி சாப்பாட்டுக்குத் திருப்பூர். இறங்கின பிளாட்பாரத்தில் வடக்கே போகிற ரயிலுக்காக ஒரு பெருங்கூட்டம் பைகளின் மேல் உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு பையும் பிதுங்கிக்கொண்டிருந்தது. ஒரு பையின் வாயில் துருத்திக்கொண்டிருந்த சிவப்பு டி-ஷர்ட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சொன்னால் புரிய அவளுக்கு எட்டு வயது போதாது.

அப்பா, அம்மா இப்போது பெருமாநல்லூர் ரோட்டில் சொந்தமாக ரெண்டு சென்ட்டில் வீடு கட்டிக்கொண்டுவிட்டார்கள். அப்பா முப்பத்தைந்து வருஷம் ஓவர்லாக் ஓட்டிய கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருக்கிறார். அம்மா ஓயவில்லை. பக்கத்து யூனிட்டிலிருந்து தைத்த பீஸ்களைக் கட்டாக வாங்கிவந்து திண்ணையில் உட்கார்ந்து பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்கு அந்தத் துணிக் குவியல் கடற்கரை மணல் மாதிரி. சின்னவன் உள்ளே புகுந்து மறைந்துகொண்டான். நானும் அப்படித்தான் மறைந்திருக்கிறேன்; எங்கள் காலத்தில் அது கட்டிங் வேஸ்ட். வீதிக்கு ஒரு வேஸ்ட் குடோன் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பார்த்தால் மகள் கையில் டிரிம்மர். நூல் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது, எப்படி ஒட்ட வெட்டுவது என்று அம்மாச்சி சொல்லிக்கொடுக்க, நாக்கை ஓரமாகக் கடித்தபடி வெட்டிக்கொண்டிருந்தாள். பிடுங்கி வைத்தேன்.

"வெளாட்டுக்குத்தானடி," என்றார் அம்மா.

எனக்கும் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. நாலாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் அப்பா கம்பெனிக்குக் கூட்டிப்போனார். வீட்டில் தனியாக விடுவதற்கு அது மேல். கைமடி வேலை: டெய்லருக்குப் பீஸ் எடுத்துக்கொடுப்பது, தைத்து வருவதை மடித்து அடுக்குவது. நீளமான பவர்டேபிள், அடியில் ஒரே மோட்டார், ஒரே ஷாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட். அது ஓடும்போது தரை அதிரும், பல் அதிரும். காலை எட்டரைக்குப் போனால் சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை. பதினொரு மணி டீயும் பன்னும் எனக்கு அப்போது பெரிய சந்தோஷம். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற வரிசையில் என் உயரத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து பேர் நின்றோம். எங்களுக்கு லீவு என்பது அதுதான். யாரும் அழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காசு வந்தது, படம் பார்த்தோம்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோதுதான் யார் வரவில்லை என்று தெரியும். ஆறாம் வகுப்பில் என் பெஞ்சுக்குப் பின்னால் உட்கார வேண்டியவன் வரவில்லை. கணக்கில் என்னை முந்துகிறவன். டீச்சர் ஒரு வாரம் பேர் கூப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார்.

1986-லேயே குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்திருந்தது. ஆனால் அது குறிப்பிட்ட சில தொழில்களை மட்டுமே தடை செய்தது. 14 வயதுக்குட்பட்டவரை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று ஆனது 2016 திருத்தத்தில். அதிலும் பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். என் அம்மாவின் திண்ணை அந்தச் சந்தில்தான் இருக்கிறது. ஏற்றுமதிக் கம்பெனிகளைத் திருத்தியதில் சட்டத்தைவிட, துணி வாங்குகிற வெள்ளைக்காரன் 'பிள்ளைகள் வேலை செய்கிறார்களா?' என்று கேட்ட கேள்விக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். ஆர்டர் போய்விடும் என்பதில் இருக்கிற பயம் அபராதத்தில் கிடையாது. 2024-25-இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த ஊர் இது. அமெரிக்காவில் வரி ஏறினால் அனுப்பர்பாளையத்து டீக்கடையில் வடை மிஞ்சும்.

பிள்ளைகளுக்கு நான் வேலை செய்த இடத்தைக் காட்டலாம் என்று மறுநாள் போனேன். கம்பெனி பேர் மாறி, கட்டடம் மாறி, இரும்பு கேட்டும் கேமராவும் வந்திருந்தன. வாட்ச்மேன் என்னை உள்ளே விடத் தயார். பிள்ளைகளைப் பார்த்துத்தான் தயங்கினார். "சின்னப் பசங்க உள்ள போகக்கூடாதுங்க" என்று கேட் பக்கம் கை காட்டினார். 'இங்கு குழந்தைத் தொழிலாளர்கள் பணியமர்த்தப்படுவதில்லை' என்று போர்டு. கீழே இந்தியிலும் இன்னொரு எழுத்திலும்.

"சும்மா பாத்துட்டு வந்துருவோம்ணா. நான் இங்கதான் வேலை பாத்தேன், இவ வயசுல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வாட்ச்மேன் உள்ளே போய் சூப்பர்வைசரைக் கூட்டிவந்தார். வந்தவன், ஆறாம் வகுப்புக்கு வராதவன்.

முன்நெற்றி ஏறிவிட்டது, ஆனால் அந்தத் தலை சாய்ப்பு மாறவில்லை. "அம்மிணி, நீயா!" என்றவன் பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினான். ஆனாலும் உள்ளே விடவில்லை. "ஆடிட்டுல கேமராவப் பாத்தாங்கன்னா என்ற வேல போயிரும்." எதிர்த்த கடையில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொடுத்தான். இப்போது உள்ளே பெல்ட் கிடையாது, ஒவ்வொரு மிஷினுக்கும் தனி மோட்டார், சத்தமே வராது என்றான். ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசி ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகள். இவன் ஒடியா பேசுகிறான். ஒரு டி-ஷர்ட்டைக் கையில் கொடுத்தால் எத்தனை கிராம் துணி, எத்தனை நிமிஷ வேலை, என்ன அடக்கம் என்று பேப்பர் இல்லாமல் சொல்லுவானாம். "ஆடிட்காரங்க இங்கிலீஸ்ல கேட்டா மட்டும் ஆபீஸ்ல இருக்கற புள்ளையக் கூப்புட்டுக்குவேன்" என்று சிரித்தான்.

நாங்கள் குடியிருந்த லைன் வீடு அப்படியே இருந்தது. அது எப்படி இன்னும் விழவில்லை என்பதுதான் ஆச்சரியம். நல்லதண்ணிக் குழாயடியில் குடங்களின் வரிசைகூட இருந்தது, பிளாஸ்டிக் மட்டும் கொஞ்சம் மினுங்கியது. எங்கள் மூன்றாம் நம்பர் வீட்டு வாசலில் ஒரு பையன் சைக்கிள் டயர் உருட்டிக்கொண்டிருந்தான். ஒடிசாவின் சம்பல்பூர்க் குடும்பம். "யாருங்க வேணும்?" என்று சுத்தக் கொங்குத் தமிழில் கேட்டான். இது எங்கள் வீடாக இருந்தது என்றேன். நம்பவில்லை. மாநகராட்சிப் பள்ளியில் மூன்றாவது படிக்கிறானாம். அடுத்த வாரம் அவர்களும் ஊருக்குப் போகிறார்கள் என்று என் மகனிடம் பெருமையாகச் சொன்னான்: "ரெண்டு நாள் ட்ரெயின்ல போவோணும். எங்க அப்பா எல்லாத்துக்கும் பனியன் வாங்கியிருக்காரு."

நொய்யலைக் காட்டியதைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். எங்கள் காலத்தில் பாலத்தில் நின்று இன்றைக்கு ஆறு என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். வெளிநாட்டில் அந்த சீசனுக்கு என்ன கலர் ஓடுகிறதோ அது இங்கே ஆற்றில் ஓடும். அந்தத் தண்ணீர் கீழே பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, உழவர்களின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. அது எங்களுக்குத் தெரியாது, எங்களுக்குக் கலர்தான் தெரியும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது அப்பாவுக்குப் பல வாரம் வேலை இல்லை. சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு வந்த பிறகே பட்டறைகள் மெல்லத் திறந்தன. இப்போது பாலத்துக்கு அடியில் கலர் இல்லை. ஊர்ச் சாக்கடையும் ஆகாயத்தாமரையும். மகன் "ஆறு எங்கம்மா?" என்றான்.

அதற்கு ஈடாக நஞ்சராயன் குளம். நான் சிறுமியாக இருந்தபோது அந்தப் பேரே காதில் விழுந்ததில்லை. 2022-இல் பறவைகள் சரணாலயம், 2024 ஆகஸ்டில் ராம்சார் ஈரநிலம். மே மாதத்தில் வலசைப் பறவைகள் போய்விட்டிருந்தாலும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் இருந்தன. கூழைக்கடா மீனை வாயில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்ததைப் பிள்ளைகள் இன்னமும் நடித்துக் காட்டுகிறார்கள். வளரும்போது 'திருப்பூர்' என்றால் அவர்களுக்கு அந்தப் பறவைதான் ஞாபகம் வரும் போலிருக்கிறது. எனக்குப் பவர்டேபிள்.

கடைசி நாள் அம்மாவோடு அவினாசி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் டிக்கெட் காசு இல்லை. திருமுருகன்பூண்டி வந்ததும், சிவனடியார் சுந்தரர் கொண்டுவந்த பொன்னையெல்லாம் சிவனே பூதகணங்களை வேடர் வேஷத்தில் ஏவிப் பறித்த இடம் இது என்று அம்மா சொல்ல, சின்னவனுக்கு ஏகக் குஷி. "சாமியே திருட்டுக்கு ஆள் அனுப்புனாரா?" பஸ் முழுக்கச் சிரித்தது.

அவினாசியில் தாமரைக்குளக் கரையில் உட்காரவைத்து முதலைக் கதை. இரண்டு பையன்கள் குளிக்கப் போனார்கள். ஒருவனை முதலை விழுங்கிவிட்டது. சில வருஷம் கழித்து சுந்தரர் அந்த வீதி வழியாக வருகிறார். ஒரு வீட்டில் பூணூல் கல்யாணம், எதிர்வீட்டில் அழுகை. விசாரித்துவிட்டு, வற்றிக் கிடந்த குளக்கரையில் நின்று பாடுகிறார். குளம் நிரம்பி, முதலை வந்து, விழுங்கின பிள்ளையைக் கரையில் உமிழ்கிறது. விழுங்கின வயதில் இல்லை. நடுவில் போன வருஷங்களின் வளர்த்தியும் சேர்ந்து, கூட்டாளியின் வயதில்.

சின்னவன் குளத்தில் முதலை இருக்கிறதா என்று எட்டிப்பார்க்கப் போய்விட்டான். மகள் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாச்சி, அவன் வளந்துட்டான் சரி. உள்ள இருந்த வருஷத்துப் பாடமெல்லாம் அவனுக்குத் தெரியுமா?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் பன் வாங்கித் தந்த மாமாவை நினைத்துக்கொண்டிருந்தேன். "தெரியலையே கண்ணு" என்றார் அம்மா, முந்தானையில் ஒட்டியிருந்த ஒரு நூல் பிசிறை எடுத்துக் கீழே போட்டபடி.